என் சொற்களுக்கு ஒலிவரின் வாய்

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒலிவர் என் முகத்தைப் பார்க்கிறான், நான் இமையைத் தாழ்த்தினால்தான் மேலே சொல்கிறான், கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் பக்கத்துக் குழாயில் வளர்ந்து வெடித்துவிட்டது, உள்ளே இரத்தம் போகிறது, உடனே வயிற்றைத் திறக்கவேண்டும், என்னிடம் வேலை பழகும் இளம் வைத்தியனான அவனுக்குச் சற்று முன்பு ஸ்கான் படத்தைக் காட்டி நான் சொன்ன அதே சொற்கள், இப்போது அவன் வாயால் ஆங்கிலத்தில் வெளியே வருகின்றன, அவற்றை நானே தமிழாக்கிக் கட்டிலில் கிடக்கும் கௌசலாவுக்கும் அவள் கணவர் பகீரதனுக்கும் சொல்கிறேன், அவர்கள் தலையாட்டுகிறார்கள், என்னைப் பார்த்து அல்ல, அவனைப் பார்த்து.

கொஞ்சம் முன்புதான் இதையெல்லாம் அவர்களிடம் நேராகத் தமிழிலேயே சொல்லியிருந்தேன், இங்கே மூத்த சத்திரசிகிச்சை வைத்தியர் நான்தான் என்றும் சொன்னேன், தமிழ்முகத்தைக் கண்டதும் பகீரதனுக்கு வந்த ஆறுதல் அத்தோடு போய்விட்டது, குரலைத் தணித்து, தங்கச்சி, குறை நினையாதேங்கோ, கதைச்சு விளங்கப்படுத்த நீங்கள் இருக்கிறது எங்களுக்குப் பெரிய உதவி, ஆனா வெட்டுறதுக்கு வெள்ளைக்கார டொக்டர் ஒருத்தரும் இல்லையோ, என்றார், எனக்குக் கோபம் வந்தது, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து விழுங்கி வைத்த கோபமெல்லாம் அந்த ஒரு மனிதர்மேல் வந்தது, என்னைக் கண்டதும் கைப்பையை இழுத்துத் தலையணைக்கடியில் வைத்த கிழவி, பரிசோதித்து முடித்த பிறகும் டொக்டர் எப்போது வருவார் என்று கேட்டவர்கள், பதவிக்கான நேர்காணலில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சிரித்துச் சிரித்து விசாரித்த கனவான்கள், எந்தத் தமிழ் நோயாளி வந்தாலும் நான் செய்யும் வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்க்க வரச்சொல்லும் தாதிகள், எல்லாரையும் பொறுத்தாயிற்று, என் ஊர்ப் பேச்சைப் பேசுகிறவரும் இதையே கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது. ஆனால் கௌசலாவின் நாடி என் விரலுக்கடியில் மெலிந்துகொண்டே போகிறது, அவளோ புருஷனின் முகத்தைப் பார்த்தபடி கிடக்கிறாள், வாதாட நேரமில்லை, நான் சொன்னதை நீ சொல்லு என்றேன் ஒலிவரிடம், இது சரியில்லை என்றான் அவன், சரியில்லைத்தான், சொல்லு.

சொன்னான், பகீரதன் சரி என்றார், கௌசலா கையெழுத்து வைத்தாள், தள்ளுகட்டில் தியேட்டர் கதவைத் தாண்டியது, பகீரதன் வெளியே நின்றுவிட்டார், அப்போது அவளுடைய குளிர்ந்த கை என் கையைத் தேடிப் பிடித்தது, அக்கா, நீங்கள்தானே வெட்டப்போறீங்கள், ஓம், நான்தான், விருப்பமில்லையென்றால் இப்பவே சொல்லலாம் என்றேன், அவள் தலையை அசைத்தாள், அந்தப் பெடியன் உங்கட முகத்தைப் பாத்துப் பாத்துத்தானே கதைச்சவன், எனக்கு அப்பவே விளங்கிட்டுது, நீங்களே செய்யுங்கோ, ஒப்பரேசன் முடியுமட்டும் இவருக்குச் சொல்லாதேங்கோ. திறக்கிறேன், இரத்தம் பொங்கி வருகிறது, வருஷங்களுக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போன ஒரு பகலில் ஜன்னலோரம் மேசையை இழுத்துப்போட்டு இதையே செய்கிறேன், அங்கேயும் வெளியே யாரோ பெரிய டொக்டர் எங்கே என்று கேட்கிறார்கள், அவர்கள் கேட்டது ஓர் ஆம்பிளையை, இவர்கள் கேட்பது ஒரு வெள்ளைக்காரனை, இது அந்த மேசையா இந்த மேசையா, ஒலிவர் பிடித்திருக்கும் கருவியின் கீழே என் விரல்கள் வெடித்த இடத்தைக் கண்டுபிடிக்கின்றன, இறுக்குகின்றன, இரத்தம் நிற்கிறது, மயக்க மருந்து கொடுப்பவர் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

வெளியே வந்து, அவள் தப்பிவிட்டாள் என்றதும் பகீரதன் ஓடிவந்தார், என்னைத் தாண்டிப் போய் ஒலிவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண்ணீர் வழிந்தது, தங்கச்சி, எங்கட குடும்பத்தையே காப்பாத்திப்போட்டார், இவருக்கு ஒருக்கா வடிவா நன்றி சொல்லிவிடுங்கோ, என்றார். முடிந்துவிட்டது, இனிச் சொல்லலாம். அதை நான் மொழிபெயர்க்கமாட்டன் அண்ணை, உங்கட மனுசியின்ர வயித்தைத் திறந்து இரத்தத்தை நிப்பாட்டினது நான், இவர் எனக்குக் கைகொடுத்தவர், என்றேன். பகீரதன் என்னைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி ஒலிவரின் முகத்தைப் பார்த்தார், அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் கேள்வி விளங்கிவிட்டது, இந்த முறை என் இமைக்குக் காத்திராமல் என்னைக் காட்டித் தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் பகீரதன் என்னைக் கும்பிட்டார்.