மாபிளுக்குக் கீழே ஒரு மூடி

1.
இந்தக் கதை பத்திரிகைக்கான முறைப்பாட்டுக் கடிதமாகத்தான் பிறந்தது. நகரத்துக்கு நிலத்தடிக் கழிவுக் குழாய் வேண்டுமென்று எழுத உட்கார்ந்தேன். 'மதிப்புக்குரிய ஆசிரியருக்கு' என்பதைத் தாண்டுவதற்குள், பக்கத்து வீட்டு அருட்பிரகாசத்தின் சத்தம் மதிலுக்கு மேலால் வந்தது. கடிதத்தைக் கிழித்தேன். ஓய்வூதிய வாத்தியாருக்கு இதைவிட நல்ல காலை வாய்க்காது.

2.
முதல் தொடக்கம்: 'நல்லூரின் ஓர் ஒழுங்கையில், பத்தாயிரம் மாபிள் தரைக்கற்களின் நடுவே ஒரு மனிதன்...'

(நானூறுதான். வெயில் பட்டால் பத்தாயிரம்.)

இரண்டாவது: 'போன மாசியில் மாநகர சபை ஒரு கூட்டம் வைத்தது.' ஓம், இதுதான் சரி. குழாய்த் திட்டத்தைப் பராமரிக்க வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் என்றார்கள். அருட்பிரகாசம் எழும்பினார்.

"என்ரை கக்கூசுக் குழியை நான் பாப்பன். ஊரார்ரை குழிக்கு நான் ஏன் காசு கட்டவேணும்?"

கைதட்டலில் மண்டபக் கூரை ஓரடி உயர்ந்தது. திட்டம் அதோடு படுத்துவிட்டது. (நானும் தட்டினேன். இந்த வரியை இரண்டு தரம் வெட்டினேன்.)

3.
இப்போது அவருடைய குழி நிரம்பிவிட்டது. மகள் தர்சிகாவின் கலியாணத்துக்கு நாளைக்குக் கனடாவிலிருந்து பதினாலு பேர் வந்து இறங்குகிறார்கள். மூன்று கிழமை காத்திருந்து கிடைத்த, கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டி வாசலில் நிற்கிறது. சாரதி சுரேஸ் உறிஞ்சு குழாயைத் தோளில் போட்டபடி கேட்டார்:

"மூடி எங்கை அண்ணை?"

"செம்பரத்தைக்குப் பக்கத்திலை."

"செம்பரத்தை எங்கை?"

"அதை வெட்டிப்போட்டுத்தானே மாபிள் பதிச்சனாங்கள்."

சுரேஸ் முற்றத்தைப் பார்த்தார். மதிலிலிருந்து மதில்வரை ஒரே மினுக்கம்.

"மூடிக்கு மேலையும் பதிச்சுப்போட்டியளோ?"

"மேசன் கேட்டவன்," என்றார் மனைவி பத்மாவதி. "கலியாணப் படத்திலை மூடி தெரியக்கூடாதெண்டு இவர்தான் பதிக்கச் சொன்னவர்."

"நீர் சும்மா இரும்."

"பத்து நிமிசம் நிப்பன் அண்ணை. அங்காலை ஒரு பள்ளிக்கூடம் பாத்துக்கொண்டிருக்கு. விட்டால் அடுத்த மாசம்தான்."

4.
(சொந்தக் குழியைத் தொலைக்கும் மனிதன் உண்டா என்று என் பாத்திரத்தை நானே சந்தேகித்தேன். எங்கள் ஒழுங்கையில் எண்ணிப் பார்த்தேன், எட்டுப் பேர். குழிக்கு மேலேயே கார் கொட்டிலுக்குச் சீமெந்து போட்ட என்னையும் சேர்த்து.)

முடிவு அ: மாபிளில் முதல் குத்திலேயே மூடி அகப்படுகிறது. அருட்பிரகாசம் மனம் திருந்தி மாதக் கட்டணத்துக்காகக் கையெழுத்துச் சேர்க்கிறார். நம்பமாட்டீர்கள். நானும்தான்.

முடிவு ஆ: பவுசர் போய்விடுகிறது. விடியற்காலை பதினாலு கனடாக்காரரும் துவாயோடு என் வீட்டுப் படலை வாசலில் வரிசையாக...

வேண்டாம். என் வீட்டில் இருப்பது ஒரு கழிப்பறை.

5.
நடந்தவரை சொல்கிறேன். அருட்பிரகாசம் கனத்த இரும்பு அலவாங்கோடு வந்து, செம்பரத்தை நின்ற இடமென்று கிணற்றடியைக் காட்டினார். பத்மாவதி வாசல்படியைக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே இருபதடி. பிழையான இடத்தில் குத்தினால் முற்றமும் போச்சு, நேரமும் போச்சு.

அவர் மதிலுக்கு மேலால் என்னைக் கண்டுவிட்டார்.

"மாஸ்டர், எழுதினது காணும், நிப்பாட்டுங்கோ. எங்கை குத்திறதெண்டு சொல்லுங்கோ."

நான் சொல்லி அது பிழையானால் ஆயுளுக்கும் என் பெயர்தான். ஆகவே வாசகரே, அலவாங்கை நீங்கள் பிடியுங்கள். பாரம், இரண்டு கையாலும். கிணற்றடியா, வாசல்படியா? கெதியாகச் சொல்லுங்கள். சுரேஸ் குழாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.