ஐம்பதுக்கு மேல் இருபது

செருப்புக் கடையில் என் வீட்டுக்காரருக்கு நாடா இல்லாத ஷூ தேடிக்கொண்டிருந்தோம். பக்கவாதம் வந்துபோனதில் அவருடைய வலது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை, முடிச்சுப் போட வராது. ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த ஒரு ஜோடி கிடைத்தது. விலை ஆயிரத்து எண்ணூறு. மேலே பெரிய அட்டை தொங்கியது: ஐம்பது சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னும் இருபது.

முன்பெல்லாம் இப்படி ஓர் அட்டையைப் பார்த்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை அவருக்கு. ஆனால் கடைக்குள் நுழைந்தால் கணக்குப்பிள்ளைதான். இயந்திரம் பில்லைத் துப்பும் முன்பே தொகையை உரக்கச் சொல்வார், வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்து. மானம் போகிறதென்று நான் தள்ளிப் போய், யாரோ எவரோ என்பதுபோல நின்றுகொள்வேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டபோது, பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, எண்கள் திரும்பவில்லை. பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நான் மட்டும் பால் விலை, பஸ் நம்பர் என்று எதையாவது கேட்டுப் பார்ப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பில் இயந்திரம் படுத்துவிட்டதால் கல்லாவில் இருந்த பெண் கால்குலேட்டரில் தட்டினாள். "ஐம்பதும் இருபதும் எழுபது. ஐந்நூத்தி நாப்பது குடுங்கம்மா."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பையைத் திறந்தேன்.

"எழுபது... இல்ல," என்றார் இவர்.

என் கை அப்படியே நின்றது.

"பாதி போச்சா? தொள்ளாயிரம். அந்த... தொள்ளாயிரத்துலதான் இருபது. நூத்தி எம்பது. எழுநூத்தி இருபதும்மா. மொத்தமே அறுபது சதவீதம்தான்."

"சார், உங்களுக்குக் கம்மியாத்தானே போட்டிருக்கேன்?"

"கம்மின்னா? தப்பு தப்புதாம்மா. திரும்பத் தட்டு."

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறாரேப்பா!" என்றார் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது. அந்தப் பெண் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடுதல் நூற்றெண்பதையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் காசு கொடுத்ததில்லை.

"ஏங்க, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று அதட்டப் பார்த்தேன். குரல் உடைந்து, மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வாசல் பக்கம் காலுறைகள் குவித்திருந்த கூடையின் முன்னால் போய் நின்றுவிட்டார். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தது.

"இது எத்தன சதவீதம்... சொல்லு பாப்போம்?"

"எனக்கெங்க தெரியும்? நீங்களே சொல்லுங்க."

இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மெதுவாக நகர்ந்தது. உள்ளே வருபவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன்.