பொட்டு வைத்த பெட்டி

என் வீட்டுக்காரர் சந்திரமோகன் எந்தப் பொருளை வாங்கினாலும் முதலில் அதன் பெட்டியைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் மிக்சி இரண்டு முறை மாறிவிட்டது. முதல் மிக்சியின் அட்டைப்பெட்டி மட்டும் பரணில் இன்னும் புதுமாப்பிள்ளை போல உட்கார்ந்திருக்கிறது. தூக்கிப் போடலாம் என்று நான் வாயெடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு.

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாகப் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். சோறு போடுவது பேட்டரி. உயிர் இருப்பது பழைய புரூஃப் செட்டில். கடைத்தெருவில் புழங்குவதற்கு இல்லாமல், சேர்த்து வைப்பவர்களுக்கென்றே கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக அடித்த நாணயங்கள் அவை. பிளாஸ்டிக் தட்டில் பதித்து, குறிப்புச் சீட்டோடு அட்டைப்பெட்டியில் போட்டு அந்தக் காலத்தில் விற்றிருக்கிறார்கள். நாணயம் கெடாமல் கிடைத்துவிடுமாம், பெட்டிதான் கிடைக்காதாம். அதனால் புதிதாகப் பெட்டி செய்து பழசு என்று விற்பவர்களும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதில் இவர் கில்லாடி. மூலையின் மடிப்பைப் பார்ப்பார், பசை மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்ப்பார், உள்ளே தட்டு அழுந்திய தடம் தேடுவார், கடைசியில் மூக்கை வைத்து மோந்தும் பார்ப்பார். என் சாம்பாரை இவ்வளவு அக்கறையாக ஒருநாளும் மோந்ததில்லை.

இந்தப் பைத்தியத்தில் அவருக்கு ஒரே கூட்டாளி அப்துல் ஷுக்கூர் பாய். தர்மபுரியில் கடிகாரக் கடை வைத்திருப்பவர். இருபது வருடப் பழக்கம். சேலத்தில் நடக்கும் நாணயக் கண்காட்சியில் இருவரும் ஒரே மேசை போடுவார்கள். பழைய பெட்டி பழுதில்லாமல் இருக்கிற செட்டுகளுக்கென்று அங்கே 'ஒரிஜினல் பெட்டி' என்று தனி வரிசையே உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் லென்ஸும் கையுமாக உட்கார்ந்தால், கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைதான் வற்றும்.

அந்தக் கூட்டு போன பக்ரீதன்று உடைந்தது. பாய் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, கடத்தூரிலிருந்து வந்திருந்த சேகரிப்பாளர்கள் இருக்கும்போதே, பாய் தன் பழைய செட் ஒன்றை எடுத்துக் காட்டினார். மூடியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு சின்னக் கறை. இவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் பட்ட பெட்டி, இதை ஒரிஜினல் பெட்டி வரிசையில் வைக்க முடியாது, ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். பாய் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் வரவில்லை. இவரும் போகவில்லை. நாயமாகத்தானே சொன்னேன் என்பார், கேட்காதவர்களிடம்கூட. ஆனால் ஞாயிறு மதியம் ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று தலை தானாகத் திரும்பும். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பாவமாக இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக இவர் கிளம்பினார். பூஜையன்று இவர் கைக்கு நிதானம் இருக்காது. சார்ஜருக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, டேபிள் ஃபேனுக்குப் பொட்டு. கொஞ்சம் அசையாமல் நின்றால் நமக்கும் விழும். சேலம் கண்காட்சிக்கு அனுப்பப் போட்டோ எடுக்கலாம் என்று தன் உயிருக்குயிரான செட்டைக் காலையில் மேசைமேல் வைத்திருந்தார். கை போன போக்கில் அந்த வெள்ளைப் பெட்டிக்கும் சந்தனத்தைக் குழைத்து மூன்று பொட்டு, மேலே குங்குமம்.

கற்பூரம் காட்டும்போதுதான் அவர் கண்ணில் பட்டது. தட்டு பாதியில் நின்றது. பூஜையை நடுவில் நிறுத்த முடியாதே, மீதியையும் சுற்றி முடித்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் ஊதிப் பார்த்தார், பஞ்சால் ஒற்றிப் பார்த்தார். ஈரச் சந்தனம் அட்டையில் நன்றாக ஊறிவிட்டிருந்தது. பூசணிக்காய் உடைக்கக்கூட மனம் இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரிஜினல் பெட்டி வரிசையில் வைக்க வேண்டுமானால், மாவட்டத்திலுள்ள இன்னொரு சேகரிப்பாளர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அந்த அளவுக்குத் தெரிந்தவர் பாய் ஒருவர்தான். போங்கள் என்றேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்றார். இருக்கிற மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் என்று சொல்லி, பொரிகடலைப் பொட்டலம் ஒன்றைக் கட்டினேன். வருடா வருடம் பூஜைப் பொரி பாய் கடைக்குப் போகும். இந்த வருடமும் போகட்டும் என்று நானும் கூடவே கிளம்பினேன்.

பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். பொரியை வாங்கி மேசைமேல் வைத்தார். இவர் பெட்டியை நீட்டினார்.

கடிகாரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பாய் வெகுநேரம் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார், பசையைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். மோந்தபோது சந்தன வாசனை வந்திருக்கும்போல, உதட்டோரம் சிரிப்பு ஓடியது. என் வீட்டுக்காரர் பரீட்சை எழுதிய பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ரிஜெக்ட்டுங்க" என்றார் பாய்.

இவர் தலையாட்டினார். "தெரியுங்க பாய். நாந்தான் வெச்சேன்."

"நீங்க வெச்சதுன்னு பாத்தாலே தெரியுது. ஒண்ணும் நேரா இல்ல."

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. பாய் உள்ளே போய்த் தன் பெட்டியைக் கொண்டுவந்து இவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பக்ரீதன்று பார்த்த அதே பெட்டி.

"அன்னிக்கு லென்ஸ் வெச்சுப் பாத்தீங்க, கறைன்னு சொன்னீங்க. இது என்னன்னு ஒரு வார்த்த கேக்கலியேங்க."

இவர் குனிந்து பார்த்தார். இந்தத் தடவை லென்ஸ் இல்லாமல் பார்த்தார். தண்ணீர்க் கறை இப்படி வரிவரியாக இருக்காது. தன் சுண்டுவிரலைத் தொடாமல் அதன்மேல் பிடித்துப் பார்த்தார். அந்தச் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை.

"யாரு வெரலுங்க?"

"அனம். ஆறு வயசு இருக்கும். ரம்ஜானுக்கு மொத நாளு, கையில வெச்ச மருதாணி காயறதுக்குள்ள, அத்தா இந்தாங்கன்னு எடுத்தாந்து குடுத்தா. நானும் தொடச்சுப் பாக்கலாம்னுதான் துணிய எடுத்தேன். கை வரல."

பாயின் மகள் அனம் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எங்கள் கடைப் பொரியைத் தின்று வளர்ந்த பெண். இவர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அவருக்கு வராது, எனக்குத் தெரியும். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி பொரியை அள்ளிப் பாய் கையில் வைத்தார். பாய் வாங்கிக்கொண்டார்.

சேலத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். ஒரிஜினல் பெட்டி வரிசையில் வைக்காமல், ஓரத்தில் தனி மேசை போட்டார்கள். நானும் போயிருந்தேன். பெட்டிப் பக்கம் யாராவது மூச்சு விட்டாலே முறைக்கிற மனிதர், வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து லென்ஸைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஓரத்துல பாருங்க. எங்க பொண்ணு வெரலு."

தன் பெட்டி பக்கத்தில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. கடைசியில் பாய்தான் அதை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.