உட்கார்ந்து சாப்பிட்டவள்

முதுகைத் துடைப்பதற்காக அம்மையின் உடலைப் புரட்டியபோது பெரியம்மை தேவகனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயபாய் திருப்பவில்லை. இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்திருந்தது. இன்னும் வலிக்கும் என்பதுபோல ஈரத்துணியை அதன் ஓரத்தில் மட்டும் ஒற்றினாள்.

வெளியே பந்தலில் அண்ணன் யோவானின் குரல் கேட்டது. "அம்மைக்க காலு தரையில பட நான் விட்டதில்ல. ராணி கணக்கா வச்சிருந்தேன்."

ஜெயபாய் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள்.

ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். வாதத்தில் அம்மைக்கு வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. சில நாளில் கால் லேசாக அசைந்ததைப் பார்த்த டாக்டர் கேட்டார்: "விழுறதுக்கு முந்தி என்ன வேலை செய்வாங்க? எவ்வளவு தூரம் நடப்பாங்க?"

ஓலைப்பெட்டியில் கருப்பட்டி சுமந்து அஞ்சுகிராமம் சந்தைக்கு நடந்தவள் அம்மை. ஆனால் டாக்டர் பள்ளிக்கூட மானேஜரின் தம்பி. யோவான் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். தன் அம்மை தலைச்சுமை விற்றவள் என்று அங்கே தெரிவது அவனுக்கு வெட்கம்.

"ஒரு வேலையும் செய்யாண்டாம் சார். உக்காந்து சாப்பிடுவாவ. வீட்டு முத்தத்துக்குக்கூட எறங்கமாட்டாவ."

"அண்ணே, அம்மை வந்து..."

"ஏட்டி, சும்மா நில்லு."

அம்மை இடக்கையால் கட்டில் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தாள். நர்ஸ் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

"நடந்து திரிஞ்சவங்கன்னா இங்கேயே வச்சு நடக்கப் பழக்கலாம்," என்றார் டாக்டர். "இவங்களுக்கு அது வீண் உபத்திரவம். வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டார்கள். ஜெயபாய் அம்மையைத் தூக்கி நிறுத்தப் போனபோதெல்லாம், விழுந்துவிடுவாள் என்று அண்ணன் அதட்டினான். அவன் பந்தலில் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அவளை எரித்தது. கால் தரையில் பட அவன் விடவேயில்லை.

இப்போது பந்தலில் அடக்கப் பிரசங்கத்துக்கு விவரம் கேட்டுக்கொண்டிருந்தார் சபை உபதேசியார். "அம்மா என்ன செய்துகிட்டிருந்தாவ?"

"வீட்டுல சும்மாதான்..." என்று யோவான் தொடங்கினான்.

ஜெயபாய் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். "கருப்பட்டி வித்தாவ. தலைச்சுமையா. இவன் படிச்சது அதுலதான்."

நாற்காலியில் இருந்த மானேஜர் யோவானைப் பார்த்தார். யோவான் தன் செருப்பைப் பார்த்தான்.

அவள் உள்ளே திரும்பினாள். அம்மையின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காகப் பெரியம்மை ஒரு துணிக்கீற்றை நீட்டினாள்.

"கெட்டு மக்கா."

"கெட்டாண்டாம் பெரியம்மே."

"காலு அகண்டு போவும்லா?"

"போவட்டு. இவ்வளவு நாளும் கெட்டிப்போட்டது போதும்."

வெள்ளைச் சேலையின் ஓரத்தைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டாள். அதற்குக் கீழே இரண்டு பாதங்களும் பாயில் ஒன்றையொன்று தொடாமல், ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.