ஒரே வாசலால் போன கேள்விகள்

கடவுச்சொல்லை அடித்தாள். பிழை என்று வந்தது. இன்னொரு தரம் அடித்தாள். மின்னஞ்சல் கடிதப்பெட்டி திறந்தது.

நேற்றும் இப்படித்தான் நடந்தது. கை தடுமாறிவிட்டது என்று நேற்று விட்டுவிட்டாள் பூரணி. ஆனால் ஒரே கை ஒரே இடத்தில் இரண்டு நாளும் தடுமாறுமா? அதுவும் அந்தக் கடவுச்சொல்லில்? கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய சொல் அது. தம்பி சிவகுருநாதன் உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்குச் சொல்லும் ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

அவன் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளித்திருந்தான். ஊரில், அன்புவழிபுரத்தில், அவனோடு ஒன்றாகத் திரிந்த கூட்டாளி ஒருநாள் சைக்கிளில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனவன் திரும்பவில்லை, சைக்கிள் மட்டும் மதகடியில் கிடந்தது. அடுத்த நாளே தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டாள். கட்டார் விசா வரும்வரை அவன் அங்கே இருக்கவேண்டும். எங்கே என்று யாருக்கும் தெரியக்கூடாது. அக்காவுக்குக்கூட அவன் இடத்தை எழுதவில்லை, போன மாதம் வரைக்கும்.

போன மாதம் அவள்தான் எழுதச் சொன்னாள்.

ஏன் சொன்னாள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், விளங்காத விஷயமில்லை. உட்துறைமுக வீதியில் ஸெய்னுதீன் நானாவின் இணையக் கடையை நடத்துகிறவள் பூரணி. கடையின் பின்னறையில் ஒரு பெட்டி உண்டு, நேம் சேர்வர் என்பார்கள். நாங்கள் ஒரு தளத்தின் பெயரை அடித்தால், கணினிக்கு அந்தப் பெயர் விளங்காது. அதற்கு இலக்கம் வேண்டும். இந்தப் பெட்டிதான் வெளியே கேட்டு அந்த இலக்கத்தை வாங்கிக் கொடுக்கும். சந்தியில் நின்று, இன்னாருடைய வீடு எது என்று கேட்டால் கையைக் காட்டுகிற ஆளைப்போல. அந்த ஆள் பொய் வீட்டைக் காட்டினால் எங்கள் கதி என்ன?

அதுதான் அந்த ஆண்டு, இரண்டாயிரத்தெட்டு ஆடியில், உலகம் முழுக்கப் பயமாகக் கிடந்தது. நேம் சேர்வர் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை என்றார்கள். பெட்டி கேள்வியை வெளியே அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், வேறு எவனோ முந்திக்கொண்டு பொய்ப் பதிலை உள்ளே தள்ளலாம். பெட்டி அதை நம்பி, மனதில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லும். அதை அடைக்க ஒரு பேட்ச் விட்டார்கள். இனிமேல் ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு வாசலால், எது என்று யாரும் ஊகிக்க ஏலாத வாசலால் வெளியே போகும். பொய் சொல்ல வருகிறவன் எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் அலையவேண்டும்.

மின்சாரம் வந்து வந்து போன அந்த நாட்களில், இணையத்திலிருந்து இறக்குவதும் அறுந்துபோவதுமாக, அழாத குறையாக அந்தப் பேட்சைப் போட்டு முடித்தாள் பூரணி. முடித்த சந்தோசத்தில் தம்பிக்கு எழுதினாள்: "இப்ப பயமில்லையடா. இருக்கிற இடத்தை எழுது. எனக்கு இரவில நித்திரை இல்லை." அவனும் எழுதினான்.

இப்போது அவள் பின்னறைக்கு ஓடினாள். கடிதத் தளத்தின் பெயரைச் சொல்லித் தன் பெட்டியிடம் இலக்கம் கேட்டாள். பிறகு கொழும்பில் இருக்கும் வேறொரு சேர்வரிடம் அதையே கேட்டாள்.

இரண்டும் இரண்டு இலக்கம்.

முதல் தரம் அடித்த கடவுச்சொல்லைப் பொய்த் தளம் பிடுங்கிக்கொண்டு, பிழை என்று சொல்லி, உண்மையான தளத்துக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. பேட்ச் போட்டதுதானே, பிறகு எப்படி? பெட்டியிலிருந்து வெளியே போகும் கேள்விகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் ஒரே வாசல். பேட்ச் போடுவதற்கு முன் போன அதே வாசல்.

அப்போதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. இரண்டு வருசத்துக்கு முன், வீதிக்கு வீதி சென்றி என்று இராணுவச் சோதனைச்சாவடி வந்தபோது, கடைக்கும் சோதனைக்கு வந்து, என்ன வெளியே போகிறது, எதனால் போகிறது என்று குடைந்து கேட்டார்கள். பயந்துபோன ஸெய்னுதீன் நானா, ஃபயர்வோல் என்கிற காவல்சுவரில் எல்லா வாசலையும் அடைக்கச் சொன்னார், ஒன்றைத் தவிர. அதற்குத் தோதாகப் பெட்டியின் அமைப்பில் ஒரு வரி எழுதினவள் அவளேதான்: எல்லாக் கேள்வியும் இந்த வாசலாலேயே போகட்டும். இந்த ஊரில் எல்லாரும் ஒரு வாசலால்தானே போய் வருகிறோம், வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி. அது அவளுக்குப் பிழையாகவே படவில்லை. பேட்ச் ஆயிரம் வாசலைக் கட்டிக் கொடுத்தது. அந்த ஒரு வரி அத்தனையையும் பூட்டி வைத்திருந்தது.

பொய்த் தளத்துக்குப் போனால் கணினி எச்சரிக்குமே என்பீர்கள். எச்சரித்தது. ஆனால் கடைக் கணினிகளின் உள்மின்கலம் செத்து எத்தனையோ காலம். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அவற்றின் திகதி பழைய வருசத்துக்கு ஓடிவிடும், நல்ல தளத்துக்கும் அந்த எச்சரிக்கை வரும். "அது சும்மா வாறது, ஓம் எண்டு அமத்துங்கோ" என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

தன் கணினிக்கு மட்டும் சரியான இலக்கத்தை நேராக எழுதிக் கொடுத்துவிட்டு, உண்மையான கடிதப்பெட்டிக்குள் போனாள். வெளியே போன கடிதங்களில் ஒன்றும் புதிதாக இல்லை. குப்பைக்கூடையைத் திறந்தாள்.

அவள் எழுதாத கடிதம் ஒன்று, அவள் பெயரில், தம்பிக்கு. "விசா அலுவல் சரி. நாளைக்கு மத்தியானம் கோட்டை ஸ்டேஷனடிக்கு வா. ஒருத்தர் உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்." அதன் கீழே அவனுடைய பதில், அதுவும் குப்பையில்: "சரி அக்கா. கடவுள் கண்ணைத் திறந்திட்டார். வாறன்."

கடிதம் நேற்றையது, அதில் நாளை என்றது இன்றைக்கு. மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் கிடந்தது.

கடவுச்சொல்லை மாற்றினாள். "போகாதே, அது நானில்லை" என்று எழுதி அனுப்பினாள். ஆனால் அவன் அதைப் பார்க்கவேண்டுமே. வெளியே போகத் தயாராகி நிற்கிறவன் இணையக் கடைக்குப் போய்க் கடிதம் பார்ப்பானா? அவனிடம் கைத்தொலைபேசியும் இல்லை. சிம் எடுத்தால் பெயர் பதிவார்கள் என்று வேண்டாம் என்றவன். லொட்ஜுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைபேசி எடுக்கக்கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

எடுத்தாள்.

"ஹலோ." வயதான குரல். பின்னால் வானொலியில் ஏதோ சிங்களப் பாட்டு.

"ஐயா, அங்க சிவகுருநாதன் எண்டு ஒரு பிள்ளை..."

"அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை."

"நான் அவன்ர அக்கா ஐயா."

"எடுக்கிற எல்லாரும் அக்காதான், அண்ணன்தான். நேற்று ஒருத்தர் எடுத்தவர், மாமாவாம். அவருக்கும் இல்லை எண்டுதான் சொன்னனான்."

பூரணிக்கு மாமா யாரும் உயிரோடு இல்லை. "ஐயா, அவன் மத்தியானம் வெளிக்கிடக் கூடாது."

"இல்லாத ஆள் எப்பிடியம்மா வெளிக்கிடும்?"

வேறு நாளாக இருந்தால் நன்றியோடு அந்த மனிதரின் காலில் விழுந்திருப்பாள். அவர் பொய் சொல்லவில்லை, காவல் நிற்கிறார். அந்தக் காவல் அவளையும் வெளியே நிறுத்திவிட்டது. சுவரோடு சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"சரி ஐயா. அங்க இல்லாத அந்தப் பிள்ளைக்கு ஒண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. நேற்று வந்த கடிதம் அக்கா எழுதினதில்லை. ஸ்டேஷனடிக்குப் போகவேண்டாம். உங்கட அறையிலயும் இருக்கவேண்டாம்."

"நான் லொட்ஜ் நடத்துறன் அம்மா. இல்லாத ஆக்களுக்குச் சேதி காவுறேல்லை."

வைத்துவிட்டார். மறுபடி எடுத்தாள், லைன் வேறு அழைப்பில் இருந்தது. மறுபடியும் அதேதான்.

முன்னறையில் பெண்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைக்க வந்தவர்கள், ஒவ்வொருவரும் அந்தப் பொய் வீட்டுக் கதவைத்தான் தட்டப் போகிறார்கள். பூரணி நேம் சேர்வரை நிறுத்திவிட்டு முன்னறைக்கு வந்தாள். எல்லாத் திரையும் வெள்ளையாகின.

"என்ன பிள்ளை, உன்ர பெட்டிக்குக் காய்ச்சலோ?" சல்லி ஊரிலிருந்து வந்திருந்த இராசமலர் கேட்டாள். "ரெண்டு சென்றி தாண்டி வந்தனான். இண்டைக்கு மகனைப் பாக்காட்டி அடுத்த கிழமைதான். அங்க அவன் சுவிஸில பனிக்குள்ள காத்துக்கொண்டு நிப்பான்."

"ஆவணியில என்ன பனி அக்கா?" என்று யாரோ சீண்டினார்கள்.

"அவன் வேலை செய்யிறது ஐஸ் பெட்டிக்குள்ளயடி. நீ சும்மா இரு."

பூரணி சிரிக்கவில்லை. "நேற்று, முந்தநாள் வந்தாக்கள் இருக்கிறியளோ? கடவுச்சொல் ரெண்டு தரம் கேட்டதோ?"

"எனக்கு இண்டைக்குக் கேட்டது," என்றாள் இராசமலர், குரல் இறங்கி. "எனக்கு எழுத்துப் பிழைச்சுப் போச்சுதெண்டு வெக்கத்தில சொல்லேல்லை. ஏன் பிள்ளை, ஏதும் பாரதூரமோ?"

"உங்களில பிழையில்லை அக்கா. என்னில."

சத்தம் கேட்டு ஸெய்னுதீன் நானா வந்தார். "என்ன தங்கச்சி, கடையைப் பூட்டிட்டீங்களா? நேரம் காலம் இல்லையா?"

உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், தம்பியையும். காவல்சுவரின் கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அந்த வரியை அவள் அழித்தாலும், சுவர் திறக்காவிட்டால் ஒரு கேள்வியும் வெளியே போகாது.

"வாசல் எல்லாத்தையும் திறக்கிறதா? நாளைக்கு அவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்ற? ஒரு வாசல் எண்டா கணக்குக் காட்டலாம். நீங்கதானே புள்ள அப்ப சொன்னீங்க, ஒரு வாசல்தான் காவலுக்கு லேசு எண்டு."

"காவலுக்கும் லேசு, காத்திருக்கிறவனுக்கும் லேசு நானா. எதால வருவம் எண்டு தெரிஞ்சு அந்த இடத்திலயே நிக்கிறான். அவனுக்குத் தேடுற வேலையே இல்லை."

ஸெய்னுதீன் காவல்சுவரின் திரையைப் பார்த்தார். அவர் மூதூர்க்காரர். ஷெல்லடிக்குள் ஊரே வெளிக்கிட்டு நடந்த நாளில் போக ஒரு பாதைதான் இருந்தது. எல்லாரும் அதால்தான் வருவார்கள் என்று தெரிந்து, அந்தப் பாதையில் ஆட்கள் நின்றார்கள். நடந்து வந்தவர்களில் இளம் ஆண்களைப் பார்த்துப் பார்த்துப் பிரித்து எடுத்தார்கள். அவருடைய மச்சான் அன்ஸார் அதற்குப் பிறகு எங்கே என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

"ஒரே பாதை," என்றார் மெல்ல. கதிரையை இழுத்து உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தார். அடித்துவிட்டு எழுந்து யன்னல் பக்கம் போய், "நீங்க செய்யிறதச் செய்யுங்க, நான் பாக்கல்ல," என்றார்.

பூரணி சுவரைத் திறந்தாள். தான் எழுதிய வரியை அழித்தாள். பெட்டி மனதில் வைத்திருந்த பொய்களையெல்லாம் கழுவி ஊற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். கேள்விகள் போகத் தொடங்கின. ஒன்று ஒரு வாசலால், அடுத்தது எங்கோ தொலைவில் இன்னொன்றால், அதற்கடுத்தது வேறொன்றால். இப்போது யாராலும் ஊகிக்க ஏலாது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இதைச் செய்ய எவ்வளவு சின்ன வேலை.

பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்டது. ஸ்டேஷனடியில் இப்போது யாரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தம்பி நீலச் சேர்ட்டைத்தான் போட்டிருப்பான், நல்ல காரியத்துக்குப் போகும்போது அதைத்தான் போடுவான். பூரணி தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இராசமலர் கேளாமலே பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரோ தேத்தண்ணி வைத்தார்கள். அது ஆறி ஆடை கட்டியது.

பின்னேரமாகித்தான் மணி அடித்தது.

"காலமை கதைச்ச அம்மாவோ?" அதே குரல். பாட்டு இல்லை.

"ஓம் ஐயா. ஓம்."

"எங்கட லொட்ஜில இல்லாத பிள்ளை ஸ்டேஷனுக்குப் போகேல்லை. படியால இறங்கிக்கொண்டிருக்கக்குள்ள மறிச்சனான். பின்பக்கத்தால விட்டனான். பிறகு மூண்டு பேர் வந்து அறையைத் திறக்கச் சொன்னவை. வெறும் அறை."

"இப்ப எங்க ஐயா அவன்?"

"தெரியாது."

"எனக்குச் சொல்லலாம் ஐயா, இது நான்தான், அவன்ர அக்கா..."

"உண்மையிலயே தெரியாதம்மா. கேக்கேல்லை. கேட்டா எனக்குத் தெரிஞ்சிடும். உங்கட நம்பரைத் தந்து, இனிக் கடிதம் போடமாட்டன் எண்டு சொல்லச் சொன்னவன். உங்களையும் போடவேண்டாமாம். தேடவேண்டாமாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அதையும் நான் கேக்கேல்லை," என்றார். பிறகு வைத்தார்.

"என்னவாம் பிள்ளை?" என்று இராசமலர் கையைப் பிடித்தாள்.

"பிடிபடேல்லையாம்."

"அம்மாளாச்சி! பிறகேன் பிள்ளை அழுறாய்?"

காலையில் பூரணிக்கு ஒரு கடிதப்பெட்டி இருந்தது, திறந்தால் அவன் இருந்தான். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இராசமலரைக் கணினிக்கு முன்னால் இருத்தினாள். திகதியைத் தானே சரிசெய்தாள்.

"இதில எச்சரிக்கை வந்தா இனி அமத்தாதையுங்கோ அக்கா. என்னைக் கூப்பிடுங்கோ. இப்ப முதல்ல உங்கட பழைய கடவுச்சொல்லை மாத்துவம்."

"இனிப் பயமில்லையோ பிள்ளை?"

பூரணி விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினாள்.

"அப்பிடி நான் இனி ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்," என்றாள். "ஆனா நான் பக்கத்தில நிக்கிறன். அடியுங்கோ."