மணல்மேட்டு வசைக்கொட்டு

வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் அஃபிவா விறுவிறுவென்று வந்து குடத்தை எட்டி உதைத்தாள். குடம் உருண்டு, முளைத்து மூன்று நாள்கூட ஆகாத நாற்றின்மேல் போய் விழுந்தது.

"மணல்மேட்டுல உங்கண்ணன் பாட்டுக் கட்டியிருக்கானாம், கேட்டியாடி? என் தம்பி பயந்தாங்கொள்ளியாம். தோணி கவுந்தப்போ கூட வந்தவன் கத்தக் கத்த விட்டுட்டு நீந்தி வந்தானாம். இதை அவனுக்கு யாரு சொன்னது? உப்பங்கழியில கிடக்குற நண்டா போய்ச் சொல்லுச்சு?"

நான்தான் சொன்னேன். என் புருஷன் ஜோமெலோ முந்தின வாரம் ஏதோ சில்லறைச் சண்டைக்கு என்மேல் கை நீட்டிவிட்டான். கோபத்தில் பிறந்த வீட்டுக்குப் போய், அண்ணன் முன்னால் உட்கார்ந்து, மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். தோணிக் கதையும் அதில் வந்துவிட்டது. எங்கள் கழிக்கரைத் தெருவும் மணல்மேட்டுத் தெருவும் ஹாலோவுக்கு நாள் குறித்திருந்த வருஷம் அது. அந்த வருஷத்தில் எதிர்த்தெருவில் போய் வாயைத் திறக்கிறவளைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனால் அவன் என் அண்ணன் அல்லவா? டெங்கே அண்ணன் எனக்குக் களி கிண்டிக் கொடுத்தான், தலையைத் தடவினான். மறுவாரமே என் அழுகையைக் கொட்டுப் பாட்டில் ஏற்றிவிட்டான்.

ஹாலோ என்றால் வசைக்கொட்டு. ஒரு தெரு மேளம் கொட்டி, எதிர்த்தெருவின் மானத்தை வீடு வீடாகப் பாடும். எதிர்த்தெருக்காரர்கள் முக்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து கேட்க வேண்டும். சிரிக்கலாம், வெற்றிலையைத் துப்புவதுபோலத் துப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கலாம். எழுந்திருக்க மட்டும் கூடாது. எழுந்தால் அந்தத் தெரு தோற்றது. அப்புறம் தலைமுறைக்கும் அந்தத் தெருப் பிள்ளைகளைச் சந்தையில் கேலி செய்வார்கள்.

தோணிப் பாட்டை என் புருஷன் உட்கார்ந்து கேட்டான். கடைசி வரை எழவில்லை. வீட்டுக்கு வந்தபின் என்னோடு பேச்சை நிறுத்தினான். அஃபிவா என் சோற்றுச் சட்டியைத் தனியே வெளியே வைத்தாள். கிணற்றடியில் நான் போனால் பெண்கள் பேச்சை விழுங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்த தெரு!

"நீ எந்தத் தெருன்னு இன்னைக்கே சொல்லிடு நுனானா," என்றாள் அஃபிவா. "நம்ம முறை வருது. உங்கண்ணனைப் பத்தி ஒண்ணு குடு. இல்லன்னா பாயைச் சுருட்டிக்கிட்டுக் கெளம்பு."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்றால், ஆத்திரம். அவன் மட்டும் என்னை விற்கலாமா?

அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சுறா கடித்தது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. மூன்று விரலில் பெரிய மேளத்தை அந்தப் போடு போடுகிறானே என்று மூக்கில் விரல் வைப்பார்கள். சுறாவுமில்லை, சுண்டெலியுமில்லை. அடுத்தவன் வலையில் மீன் திருடும்போது பிடிபட்டு, வலைக்காரன் துடுப்பால் நசுக்கிய கை அது. காயத்தைக் கட்டியவள் நான். அது எனக்குக் கல்யாணமான புதிதில், மூத்த பிள்ளையைப் பெற்று, பால் வற்றிக் கிடந்த பஞ்ச மாதம். மீன் என் சட்டிக்குத்தான் வந்தது. இந்தக் கடைசி விஷயத்தை அஃபிவாவிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் முறை வந்தது. எங்கள் ஆட்கள் கொட்டினார்கள். பாசி மணி வலை போர்த்திய சுரைக்குடுக்கையைத் தொடையில் தட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நானும் பாடினேன். "திருட்டு விரலைச் சுறா தின்னாது, துப்பிவிடும்" என்று பாட்டு. மணல்மேட்டார் முகம் செத்துப்போயிற்று. அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தடவை என்னைத் தேடிப் பார்த்தான். நான் குடுக்கையை இன்னும் ஓங்கித் தட்டினேன்.

அன்றிரவே என் சோற்றுச் சட்டி உள்ளே வந்தது. சந்தோஷமாகச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு மணல்மேட்டார் முறை. இந்தத் தடவை என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறான் என்று தெரியும். நல்ல துணியை உடுத்தி, முன்வரிசையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். திருட்டு மீன் தின்றவள் என்று பாடட்டும். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பாடட்டும். கேட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது. அப்புறம் நாங்கள் மறுபடி அண்ணன் தங்கை.

அண்ணன் மரத்தாங்கியில் சாய்த்த பெரிய கொட்டின் முன் நின்று ஆரம்பித்தான். பாட்டில் எங்கள் வீடு வந்தது. மாமனாரின் செத்துப்போன தகப்பன் வந்தான். என் புருஷன் வந்தான். அஃபிவாவின் மூன்று கல்யாணமும் வந்தது. அவள் பல்லைக் காட்டிச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். எங்கள் நொண்டி ஆடுகூட வந்தது. அடுத்து நான்தான். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

கொட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அஃபிவா குனிந்து என் காதில் சொன்னாள்: "ஆட்டுக்கு இருக்குற மரியாதைகூட உனக்கு இல்லையேடி."

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. முக்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. "என்னையும் பாடுண்ணே!" என்று கத்தினேன். "என் பேரைச் சொல்லு! நான்தான் சொன்னேன், அந்த மீனைத் தின்னவளும் நான்தான்! பாடுண்ணே!"

கொட்டு நின்றது. என் பின்னால் கழிக்கரை முழுவதும் 'ஐயோ' என்று ஒரே மூச்சாய் அலறியது. மணல்மேட்டுப் பெண்கள் குதித்தார்கள், குலவையிட்டார்கள், மண்ணை வாரி இறைத்தார்கள். அண்ணன் மட்டும் குதிக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். சத்தமாகவே கேட்டான்.

"யாருப்பா இந்தம்மா? எந்த வீடு?"

என் பின்னால் எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக முக்காலியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழிக்கரைப் பக்கம் நடந்தார்கள். என் புருஷன் தன்னுடையதை எடுத்தான். கீழே கிடந்த என்னுடையதைத் தாண்டிக்கொண்டு போனான்.