பதினொரு மணி அளவு

நான் எழுதிய சட்டம் அமலுக்கு வந்து இருபத்தாறு நாள் ஆகியும் அதனால் ஒருவருக்கும் கால் மணி நேர நிழல்கூடக் கிடைக்கவில்லை. அதை நான் தெரிந்துகொண்ட விதம் இன்னும் கேவலம். இருபத்தாறாம் நாள் மாலை, தார் ரோடு போடும் வேலையிலிருந்து வீடு திரும்பிய என் தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அவன் சுவரைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் சங்கு என்னக்கா ஆச்சு? தொண்டை கட்டிக்கிச்சா?"

நான் நகராட்சியின் சட்டப் பிரிவில் வரைவு எழுதுகிறவள். போன கோடையில் கட்டட வேலையில் ஒரு சித்தாள் சாரத்திலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறது, இனி வேலை நேரத்தையும் சட்டத்தால்தான் காக்க வேண்டும் என்று மன்றம் அதற்குப் பிறகுதான் அசைந்து கொடுத்தது. வரைவு என் மேசைக்கு வந்தது. சுருக்கம் ஒரே வரி: காலை பதினொரு மணிக்கு நகராட்சியின் வெப்ப அளவுப் பெட்டியில் நாற்பது டிகிரியோ அதற்கு மேலோ பதிவானால், தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊத வேண்டும்; ஊதினால் மாலை நாலு வரை ஊர் எல்லைக்குள் திறந்தவெளி வேலை கூடாது. மீறும் ஒப்பந்தக்காரரின் உரிமம் போய்விடும். நன்றாக எழுதிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

இருபத்தாறு நாளில் சங்கு ஒரு முறையும் ஊதவில்லை. முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது, முப்பத்தொன்பது புள்ளி நாலு என்று பதிவேடு நாற்பதின் வாசல்வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் வெயில் பரவாயில்லை போல என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மா எவ்வளவோ சொல்லியும் தம்பி ஆறு மணிக்கே கிளம்பிவிட்டான். இன்றைக்கு நின்றால் மேஸ்திரி நாளைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றான். அவன் கண் மஞ்சளாக, உள்ளே போயிருந்தது. "ரெண்டாவது தடவை விழுந்தான்னா எழுந்திரிக்க மாட்டான்டி," என்றாள் அம்மா என்னிடம். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

ஒன்பதே முக்காலுக்கு, வேலைக்குச் சேர்ந்த பதினொரு வருஷத்தில் முதல் முறையாக, அந்த அளவுப் பெட்டியைப் பார்க்கப் போனேன். ஆமாம், பெட்டியைப் பார்க்காமலே பெட்டியை நம்பிச் சட்டம் எழுதியிருந்தேன். எங்கள் பிரிவில் எல்லாமே காகிதத்தில்தான் இருக்கும். கதவை எழுதுகிறவள் கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

அலுவலகத்தின் பின்பக்கத் தோட்டத்தில், நாலு கால் போட்ட வெள்ளை மரப்பெட்டி, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை அடித்து நின்றது. ஒரு பக்கம் தாமரைத் தொட்டி, மறு பக்கம் பெரிய மரத்தின் நிழல். சுற்றிலும் பச்சைப் புல். தோட்டக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லுக்கு நிதானமாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். தினமும் இந்த நேரம்தானாம். தண்ணீரும் நிழலும் பெட்டியைக் குளிர வைத்துக்கொண்டிருந்தன.

பெட்டிக்குப் பொறுப்பானவரை நாங்கள் 'தசமம்' என்போம். புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணை அவர் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார். டீக்கடையில் சர்க்கரை கேட்டால்கூட ஒன்றே கால் கரண்டி என்பார். இருபத்திரண்டு வருஷப் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. பெட்டியின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

"சார், இந்தப் பெட்டி ஊர் வெயிலைக் காட்டலை. தோட்டத்து வெயிலைக் காட்டுது."

"தெரியும்," என்றார் அவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சுமா தினமும் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் அறைக்குள் போய் ஒரு கோப்பை எடுத்து வந்தார். இரண்டு கடிதங்கள். பெட்டியின் சுற்றுப்புறம் மாறிவிட்டது, மரம் வளர்ந்துவிட்டது, அளவுக்கு முன்னால் தண்ணீர் விடக் கூடாது, பெட்டியை வெளியிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். இரண்டும் போன வருஷம், வரைவு தயாரான சமயத்தில், சட்டப் பிரிவுக்கு வந்தவை. இரண்டின் ஓரத்திலும் பச்சை மையில் ஒரே குறிப்பு: பார்த்தேன், கோப்பில் வைக்கவும். கீழே சுருக்கக் கையெழுத்து.

என் கையெழுத்து.

ஒரு நாளைக்கு அறுபது கடிதம் என் மேசையில் விழும். அதில் இரண்டு. படித்த ஞாபகம்கூட இல்லை. அவர் குரலை உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோப்பை மூடி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சித்தாள் செத்தப்ப விசாரணைக்கு என் பதிவேட்டைத்தான் வாங்கிட்டுப் போனாங்கம்மா. முப்பத்தெட்டு புள்ளி ஏழு. வெயிலால சாகலைன்னு எழுதிட்டாங்க. அவர் சம்சாரம் இந்த வராந்தாவுலதான் உட்கார்ந்திருந்தது."

நான் மாடியேறி ஓடினேன். நகராட்சிச் செயலாளர் என் பேச்சைப் பாதி கேட்டு, மீதிக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். "இடம் மாத்தணும்னா திருத்தம் கொண்டு வாங்க. அடுத்த மன்றக் கூட்டம் இருபத்தெட்டாம் தேதி."

"அதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு சார்."

"வெயில் எங்கயும் ஓடிடாது. பெட்டியில கை வெச்சீங்கன்னா மெமோதான், சொல்லிட்டேன்."

வெயில் எங்கேயும் ஓடாது என்பதுதான் என் பயமே. படிக்கட்டில் நின்று என் சட்டத்தை நானே வரிவரியாகப் படித்தேன். எங்கும் இடம் எழுதப்படவில்லை. பெட்டி என்று இருந்தது. பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று இல்லை. எழுத மறந்திருந்தேன். வேறு நாளாக இருந்தால் இந்த ஓட்டைக்கு வெட்கப்பட்டிருப்பேன். அப்போது மணி பத்து எட்டு.

"சார், பெட்டியைத் தூக்கலாம். தார் ரோட்டுக்கு," என்றேன் தசமத்திடம்.

"புல்தரையிலதான் வைக்கணும். கையேட்டுல இருக்கு."

"சட்டத்துல கையேடு இல்ல, பெட்டிதான் இருக்கு. வேலை செய்யறவங்க புல்லு மேலயா நிக்கறாங்க? என் தம்பி அங்க இருக்கான் சார். நேத்து வாந்தி எடுத்தான். இன்னைக்கும் போயிருக்கான்."

அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டே நின்றார்.

"அளவை மட்டும் கூட்டிச் சொல்ல மாட்டேன்," என்றார். "முப்பத்தொன்பது புள்ளி ஒன்பதுன்னா அதைத்தான் எழுதுவேன். உங்க தம்பி எதிர்ல நின்னாலும்."

"சரி."

"அப்ப ஒரு பக்கம் பிடிங்க. சாய்க்காதீங்க."

குப்பை வண்டி ஒன்று காலியாக நின்றிருந்தது. ஓட்டுநரிடம் அலுவலக வேலை என்றேன், பொய்யில்லை. வெப்பமானிகளைக் கழற்றித் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு தசமம் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், குப்பை வாடையில், பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஏழு நிமிஷம் போனது. தெரிந்த கடவுளையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி பத்து நாற்பத்திரண்டு. புறவழிச் சாலையில் நாற்பது பேர். கொட்டிய தாரின் மேல் காற்றே நெளிந்தது. தம்பி வாரியால் ஜல்லியை இழுத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்; யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான்.

"டேய், நிழலுக்கு வாடா!"

மேஸ்திரி குறுக்கே வந்தார். "தார் ஆறிடும் மேடம். ஒரு ஆள் நகர்ந்தா வரிசையே நின்னுடும். சங்கு ஊதட்டும், நானே முதல் ஆளா உட்கார்றேன். எனக்கு மட்டும் வெயில் அடிக்கலையா?" அவர் உதடும் வெடித்துத்தான் இருந்தது. அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

ரோட்டோரத்தில் பெட்டியை நிறுத்தினோம். தசமம் கால்களுக்கடியில் கல் கொடுத்து மட்டம் பார்த்தார், வெயில் படாத பக்கமாகக் கதவைத் திருப்பினார், வெப்பமானியை மாட்டிப் பூட்டினார். அவசரமே இல்லை மனிதருக்கு. கையைப் பிடித்து இழுக்கலாம்போல் இருந்தது எனக்கு.

"வண்டியில நிழல்லயே வந்துச்சு. இந்த இடத்துக்குப் பழக நேரம் வேணும்," என்றார்.

பத்து ஐம்பத்திரண்டுக்குத் திறந்து பார்த்தார். முப்பத்தெட்டு புள்ளி எட்டு. மூடினார். பத்து ஐம்பத்தேழு. முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

"அவ்வளவு கிட்ட வந்திடுச்சே சார். நாற்பதுன்னே எழுதிடுங்களேன்." வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நாளைக்கு ஒப்பந்தக்காரர் கோர்ட்டுக்குப் போவார். இந்தப் பதிவேட்டுல ஒரு எண் பொய்யின்னு ஆச்சுன்னா இனிமே உங்க சங்கு ஊதவே ஊதாது." கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததற்காகவே அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன்.

அப்போது தம்பி வாரியைக் கீழே போட்டான். போட்டதை எடுக்கக் குனிந்தவன், எங்கே போட்டோம் என்று தெரியாமல் கையால் துழாவினான். பக்கத்திலிருந்தவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மணி பதினொண்ணு," என்றார் தசமம். கதவைத் திறந்தார். மூச்சு படக்கூடாதென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை வைத்தார். ஒரு முறை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பதிவேட்டை முழங்காலில் வைத்து எழுதினார்.

"நாற்பது புள்ளி மூணு."

தீயணைப்பு நிலையத்துக்கு அவர்தான் போன் செய்ய வேண்டும். பெயர், பொறுப்பு, நேரம், அளவு என்று ஒன்றுவிடாமல் சொல்லி, எதிர்ப்பக்கம் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார். பிறகு ஊருக்கு நடுவிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பி எங்கள்வரை வந்தது. வாரிகள் நின்றன. உருளை வண்டி நின்றது. எங்கோ தூரத்தில் கலவை இயந்திரம் ஒன்றும் ஓய்ந்தது. மேஸ்திரி சொன்ன சொல் மாறாமல் முதல் ஆளாகப் போய்ப் பாலத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நானும் இன்னொருவரும் தம்பியைத் தாங்கிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் படுக்க வைத்தோம். சட்டையைக் கழற்றி, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

"அக்கா... நாளைக்கும் இந்தப் பெட்டி வருமா?"

சுற்றியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். திருத்தம், மன்றக் கூட்டம், இருபத்தெட்டாம் தேதி எல்லாம் என் வாய்வரை வந்தன. விழுங்கிவிட்டேன்.

"எதுக்கு வரணும்? இங்கயே இருக்கும்," என்றார் தசமம். ஒரு கடப்பாரை எங்கே கிடைக்கும் என்று மேஸ்திரியைக் கேட்டார். இளைஞன் ஒருவன் எடுத்து வர எழுந்தபோது அதட்டினார். "உட்காருப்பா. குழி தோண்டறதும் திறந்தவெளி வேலைதான். நாலு மணிக்கு மேல."

செயலாளர் ஒன்பது முறை அழைத்திருந்தார். நான் ஆம்புலன்ஸில் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் எங்களிடம் கொண்டு வந்திருக்கவே வேண்டியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். அந்தக் கடிதங்களில் யாருடைய பச்சை மை இருந்தது என்பதை அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் தம்பியின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மெமோ வந்தது. நகராட்சிச் சொத்தை அனுமதியின்றி அப்புறப்படுத்தியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது.